பாத மூட்டுவலி: எந்த மூட்டு, எந்த நேரம், எப்படித் தொடங்கியது?

முழங்கால் வலிக்கு மருத்துவரை நாடுவோர் பலர். பாதமும் கணுக்காலும் வலித்தால் மருத்துவரை நாடுவோர் சிலரே. "வயதானால் கால் வலிக்கத்தான் செய்யும்", "நாள் முழுவதும் நின்ற களைப்பு" என்று நமக்கு நாமே சமாதானம் கூறிக்கொண்டு, மருந்துக்கடையில் ஒரு வலி மாத்திரையை வாங்கி விழுங்கிவிட்டு வேலையைத் தொடர்கிறோம். சில நாள்கள் வலி அடங்குகிறது. பிறகு மீண்டும் வருகிறது. மீண்டும் அதே மாத்திரை. இப்படியே ஓரிரு ஆண்டுகள் கழித்து மருத்துவமனைக்கு வரும்போது, சிலருக்கு மூட்டு மீட்க இயலாத அளவுக்குச் சிதைந்திருக்கிறது. வேறு சிலருக்கு மூட்டைக் காட்டிலும் சிறுநீரகம் அதிகம் பாதிக்கப்பட்டிருக்கிறது.

இக்கட்டுரை வலியுறுத்த விரும்பும் கருத்து ஒன்றே: பாதத்தில் வரும் மூட்டுவாதம் பலவகைப்பட்டது. ஒரு வகைக்கு ஏற்ற மருந்து மற்றொரு வகைக்குப் பயன்படாது. சில வேளைகளில் தீங்கும் செய்யும். ஆகவே வலியைத் தணிப்பதோடு, அது எவ்வகை வலி என்று அறிந்துகொள்வதும் சிகிச்சையின் முதற்படியாகும். அந்த அறிதலில் நோயாளியும் அவர்தம் குடும்பத்தினரும் மருத்துவருக்குப் பெரிதும் துணைபுரிய முடியும்.

பாதத்தின் அமைப்பு

ஒவ்வொரு பாதத்திலும் 26 எலும்புகளும் 30-க்கும் மேற்பட்ட மூட்டுகளும் உள்ளன. மனித உடலில் உள்ள 206 எலும்புகளில் ஏறக்குறைய கால் பங்கு இரு பாதங்களில்தான் அமைந்திருக்கிறது. எலும்புகள் ஒன்றையொன்று சந்திக்கும் முனைகளைக் குருத்தெலும்பு வழவழப்பான உறைபோல் மூடியிருக்கிறது. மூட்டைச் சுற்றியுள்ள மெல்லிய சவ்வு, உராய்வைக் குறைக்கும் திரவத்தைச் சுரக்கிறது. குருத்தெலும்பு தேய்ந்தாலோ, சவ்வில் அழற்சி ஏற்பட்டாலோ, மூட்டுக்குள் படிகங்கள் சேர்ந்தாலோ வலியும் வீக்கமும் இறுக்கமும் தோன்றுகின்றன. இவை அனைத்தையும் மூட்டுவாதம் என்ற பொதுப்பெயரால் குறிப்பிடுகிறோம்.

பாதத்தில் நான்கு இடங்களை நினைவில் கொள்வது போதுமானது. முதலாவது கணுக்கால் மூட்டு. பாதத்தை மேலும் கீழும் அசைக்க உதவுவது இதுவே. படியேறவும் குந்தி அமரவும் இது நன்கு மடங்க வேண்டும். இரண்டாவது, அதற்குக் கீழே குதிகால் எலும்பின் மேல் அமைந்த மூட்டு. பாதத்தைப் பக்கவாட்டில் சாய்க்க உதவுகிறது. வரப்பிலும் மணலிலும் மேடுபள்ளமான தெருவிலும் நாம் தடுமாறாமல் நடப்பது இதனால்தான். மூன்றாவது, பாதத்தின் நடுப்பகுதியில் வளைவைத் தாங்கி நிற்கும் சிறு மூட்டுகள். நான்காவது, விரல்களின் அடிப்பகுதியில் உள்ள மூட்டுகள். இவற்றுள் பெருவிரலின் அடிமூட்டு முதன்மையானது. ஒவ்வோர் அடியிலும் உடலை முன்னோக்கி உந்தித் தள்ளுவது இந்த மூட்டே.

மூன்று கேள்விகள்

மருத்துவர் உங்களிடம் பல கேள்விகளைக் கேட்பார். அவற்றுள் மூன்றுக்கு விடையை வீட்டிலேயே சிந்தித்து வைத்துக்கொள்ளுங்கள்.

எந்த மூட்டு வலிக்கிறது? "கால் வலிக்கிறது" என்று பொதுவாகச் சொல்வதைவிட, வலிக்கும் இடத்தை ஒரு விரலால் தொட்டுக் காட்டுவது மிகுந்த பயன் தரும். ஒரு பாதத்தில் மட்டுமா, இரண்டிலுமா என்பதையும் கவனியுங்கள். கைவிரல்களும் மணிக்கட்டும் சேர்ந்து வலித்தால் அதையும் தவறாமல் கூறுங்கள்.

எந்த நேரத்தில் வலி அதிகம்? நடக்க நடக்க அதிகரித்து, உட்கார்ந்தால் குறையும் வலி ஒரு வகை. காலையில் எழுந்தவுடன் மூட்டுகள் இறுகிக் கிடந்து, நடமாடிய பின்னர் தளர்வது வேறு வகை. அந்தக் காலை இறுக்கம் பத்து நிமிடத்தில் விலகுகிறதா, ஒரு மணி நேரத்துக்கு மேலும் நீடிக்கிறதா என்பது நோயைப் பிரித்தறிய உதவும் முக்கியமான தகவல்.

எப்படித் தொடங்கியது? பல மாதங்களாகச் சிறுகச்சிறுக வளர்ந்ததா, சில வாரங்களில் பரவியதா, ஒரே இரவில் தோன்றியதா? அதற்கு முன் காய்ச்சல் இருந்ததா? பல ஆண்டுகளுக்கு முன்பாவது அந்தக் காலில் அடிபட்டதா?

இம்மூன்று விடைகளும் பெரும்பாலும் பின்வரும் வகைகளுள் ஒன்றைச் சுட்டிக்காட்டும்.

மூட்டுத் தேய்மானம்

குருத்தெலும்பு மெல்ல மெல்லத் தேய்வதால் வருவது இது. நடக்கும்போதும் நெடுநேரம் நிற்கும்போதும் வலி மிகும்; ஓய்வெடுத்தால் குறையும். காலை இறுக்கம் பொதுவாக அரைமணி நேரத்துக்குள் விலகிவிடும்.

முழங்காலில் தேய்மானம் பெரும்பாலும் வயதையும் உடல் எடையையும் ஒட்டி வருகிறது. கணுக்காலின் நிலை வேறு. கணுக்கால் தேய்மானம் உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு அதற்கு முன்னரே அந்த மூட்டில் எலும்பு முறிவோ, திரும்பத் திரும்பச் சுளுக்கோ ஏற்பட்டிருக்கும். இருசக்கர வாகன விபத்தில் கணுக்கால் முறிந்த ஓர் இளைஞருக்கு, கட்டுப் பிரித்து எல்லாம் நலமான பிறகு, பத்து இருபது ஆண்டுகள் கழித்து அதே மூட்டில் வலி தொடங்கலாம். பழைய விபத்தை நோயாளியே மறந்திருப்பார். அதனால்தான் மருத்துவர் அதைக் குறிப்பாக விசாரிக்கிறார்.

இதிலிருந்து ஒரு முன்னெச்சரிக்கையும் பிறக்கிறது. கால் பிசகியவுடன் எண்ணெய் தடவி அழுத்தி நீவிவிடுவது நம்மிடையே வழக்கம். கணுக்கால் எலும்பை அழுத்தினால் வலித்தாலோ, அடிபட்ட காலை ஊன்றி நான்கடி கூட நடக்க முடியாவிட்டாலோ, எக்ஸ்ரே எடுத்து முறிவு இல்லை என்று உறுதிசெய்துகொள்ள வேண்டும். சுளுக்குக்குப் பின் மூட்டு அடிக்கடி பிசகினால், இயன்முறை மருத்துவரிடம் சமநிலைப் பயிற்சிகளைக் கற்றுக்கொள்ள வேண்டும். இன்று எடுக்கும் இந்தக் கவனம், பிற்காலத் தேய்மானத்தின் வாய்ப்பைக் குறைக்கும்.

பெருவிரலின் அடிமூட்டிலும் தேய்மானம் வரும். அப்போது விரல் மேல்நோக்கி மடங்க மறுக்கும். மூட்டின் மேற்புறத்தில் எலும்பு புடைத்துத் தெரியும். படியேறுவதும் விரைந்து நடப்பதும் கடினமாகும்.

முடக்குவாதம்

உடலைக் காக்க வேண்டிய நோய் எதிர்ப்பாற்றல், வழிதவறி மூட்டுச் சவ்வையே தாக்குவதால் முடக்குவாதம் உண்டாகிறது. ஆண்களைக் காட்டிலும் பெண்களுக்கு இது இரண்டு முதல் மூன்று மடங்கு அதிகமாக வருகிறது. முதியவர்களுக்கே உரிய நோய் என்று எண்ண வேண்டா. முப்பது நாற்பது வயதிலும் தொடங்கலாம்.

முடக்குவாதம் பலருக்குக் கைவிரல்களில் தொடங்கும். சிலருக்கு முதல் அறிகுறி பாதத்தில்தான் தோன்றும். பெரும்பாலும் இரு பாதங்களிலும் விரல்களின் அடிமூட்டுகள் வீங்கும். காலையில் தரையில் கால் வைக்கும்போது கூழாங்கற்கள்மீது நடப்பதுபோல் இருக்கிறது என்று நோயாளிகள் கூறுவதுண்டு. வழக்கமாக அணியும் செருப்பு திடீரென இறுக்கமாகத் தோன்றும். பாதத்தின் முன்பகுதியை இருபுறமும் கையால் மெல்லச் சேர்த்து அழுத்தினால் வலிக்கும். காலை இறுக்கம் அரைமணி நேரத்தைக் கடந்து, பலருக்கு ஒரு மணி நேரத்துக்கு மேலும் நீடிக்கும். உடற்சோர்வும் சேர்ந்துகொள்ளும்.

இந்நோயில் காலம் மிகவும் இன்றியமையாதது. மூட்டுச் சிதைவு நோயின் தொடக்க மாதங்களிலேயே ஆரம்பித்துவிடுகிறது. வலி மாத்திரை வலியை மறைக்கும், சிதைவைத் தடுக்காது. நோயின் போக்கையே கட்டுப்படுத்தும் மெத்தோட்ரெக்சேட் போன்ற மருந்துகளை முதல் சில மாதங்களுக்குள் தொடங்கினால், விரல்கள் கோணிப்போவதையும் பாத வளைவு சரிவதையும் பெருமளவு தவிர்க்கலாம். இரு பாதங்களிலும் அல்லது கைகளிலும் வீக்கம் ஆறு வாரங்களாக நீடித்தால் இனியும் காத்திருக்கக் கூடாது. ரத்தப் பரிசோதனையில் முடக்குவாதக் காரணி இல்லை என்று வந்தாலும் சிலருக்கு இந்நோய் இருக்கக்கூடும். ஆகவே பரிசோதனை முடிவை மட்டும் பார்த்து நீங்களே முடிவுக்கு வர வேண்டா.

யூரிக் அமில மூட்டுவாதம்

இரவு நலமாக உறங்கச் சென்றவர், விடியற்காலையில் பெருவிரல் நெருப்பாய்க் காந்த, அலறி எழுகிறார். மூட்டு சிவந்து வீங்கி, போர்வை பட்டாலும் பொறுக்க முடியாத வலி. 'கவுட்' எனப்படும் யூரிக் அமில மூட்டுவாதத்தின் தாக்குதல் பெரும்பாலும் இவ்வாறே தொடங்குகிறது. பெருவிரல் அடிமூட்டு, பாதத்தின் நடுப்பகுதி, கணுக்கால் ஆகியவை இதற்கு இலக்காகும் இடங்கள். நடுவயது ஆண்களுக்கு மிகுதியாகவும், பெண்களுக்குப் பெரும்பாலும் மாதவிடாய் நின்ற பிறகும் வருகிறது.

ரத்தத்தில் யூரிக் அமிலம் கரையும் அளவைக் கடந்தால், அது ஊசி போன்ற படிகங்களாக மூட்டில் படிகிறது. உடலின் பிற பகுதிகளைவிடப் பாதம் குளிர்ச்சியாக இருப்பதால் அங்கே படிவது எளிது. சிகிச்சை இன்றியும் தாக்குதல் ஓரிரு வாரங்களில் அடங்கிவிடும். ஆபத்து இங்கேதான் இருக்கிறது. வலி போனதும் நோயும் போய்விட்டதாக எண்ணிவிடுகிறோம். படிகங்களோ மூட்டிலேயே தங்கியிருந்து, ஆண்டுகள் செல்லச்செல்ல எலும்பை அரிக்கின்றன.

இதில் மூன்று செய்திகளை மறவாதீர்கள். முதலாவது, தாக்குதல் நடக்கும் நாளில் ரத்தத்தில் யூரிக் அமில அளவு இயல்பாகவும் இருக்கக்கூடும். ஓரிரு வாரங்கள் கழித்து மீண்டும் பரிசோதிக்க வேண்டும். இரண்டாவது, அளவு சற்று அதிகமாக இருப்பதாலேயே ஒருவருக்கு கவுட் இருப்பதாகக் கொள்ளலாகாது. எந்தத் தொல்லையும் இல்லாதவர்கள் பெரும்பாலோர்க்கு மருந்து தேவைப்படுவதில்லை. மூன்றாவது, அலோபியூரினால், ஃபெபுக்ஸோஸ்டாட் போன்ற மருந்துகள் யூரிக் அமிலத்தை ஒரு டெசிலிட்டருக்கு 6 மில்லிகிராமுக்குக் கீழே கொண்டுவருவதற்காகத் தரப்படுகின்றன. இவற்றைத் தொடங்கிய முதல் சில மாதங்களில் மீண்டும் ஒரு தாக்குதல் வரலாம். பழைய படிகங்கள் கரையும்போது நிகழ்வது அது. மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று கருதி நிறுத்திவிடாமல் மருத்துவரிடம் பேசுங்கள். ஆனால் தோலில் தடிப்போ வாய்ப்புண்ணோ தோன்றினால், மருந்தை உடனே நிறுத்திவிட்டு அன்றே மருத்துவமனைக்கு வர வேண்டும்.

உணவில் மதுவை, குறிப்பாக பீரை விலக்குங்கள். ஈரல், குடல் போன்ற உள்ளுறுப்பு இறைச்சிகளையும் இனிப்பூட்டிய குளிர்பானங்களையும் தவிருங்கள். கோழி, ஆட்டிறைச்சி, மீன் ஆகியவற்றை அளவோடு உண்ணலாம். பருப்பையும் கீரையையும் அடியோடு ஒதுக்க வேண்டும் என்ற அறிவுரை பரவலாக உள்ளது. பயறுவகைகளும் கீரைகளும் கவுட் தாக்குதலை மிகுவிப்பதாக ஆய்வுகள் காட்டவில்லை. சிறுநீரக நோய் உள்ளவர்கள் மட்டும் தம் மருத்துவர் கூறிய உணவு முறையையே பின்பற்ற வேண்டும்.

பிற காரணங்கள்

2006-ஆம் ஆண்டில் சிக்குன்குனியா காய்ச்சல் தமிழ்நாட்டில் பரவியபோது, காய்ச்சல் தணிந்த பின்னரும் மாதக்கணக்கில் கணுக்கால் வலியுடன் நொண்டி நடந்தவர்களைப் பலரும் நினைவில் வைத்திருப்பார்கள். கிழக்கு ஆப்பிரிக்காவின் மகோண்டே மொழியில் 'உடல் வளைந்து போவது' என்பதே அச்சொல்லின் பொருள். இந்த மூட்டுவலி பெரும்பாலோர்க்குத் தானே குறையும். மூன்று மாதங்களைக் கடந்தும் வீக்கம் நீடித்தால், முடக்குவாதமா என்று பரிசோதிப்பது நல்லது.

தோலில் செதில் உதிரும் சொரியாசிஸ் உள்ளவர்களில் சிலருக்கு, ஒரு விரல் முழுவதும் உருண்டு வீங்குவதும் குதிகால் வலிப்பதும் நகங்களில் சிறு குழிகள் தோன்றுவதும் உண்டு. தோல் நோய்க்கும் கால் வலிக்கும் தொடர்பில்லை என்று எண்ணி, ஒன்றை ஒரு மருத்துவரிடமும் மற்றொன்றை வேறொரு மருத்துவரிடமும் மட்டும் கூறாதீர்கள்.

காத்திருக்கக் கூடாத அறிகுறிகள்

பின்வரும் நிலைகளில் அன்றே மருத்துவமனைக்கு வர வேண்டும்.

ஒரே மூட்டு திடீரெனச் சிவந்து, சுட்டு, வீங்கி, அத்துடன் காய்ச்சலோ குளிர்நடுக்கமோ இருத்தல். இது மூட்டுக்குள் கிருமித்தொற்றாக இருக்கலாம். சில நாள்கள் தாமதித்தாலும் மூட்டு அழிந்துவிடும். தொற்று ரத்தத்தில் பரவினால் உயிருக்கும் ஆபத்து. ஏற்கெனவே கவுட் உள்ளவர்களும் "இது வழக்கமான தாக்குதல்தான்" என்று எண்ணி இருந்துவிடக் கூடாது.

நீண்டகாலச் சர்க்கரை நோயாளியின் ஒரு பாதம் வலியே இல்லாமல், அல்லது மிகக் குறைந்த வலியுடன், வீங்கிச் சூடாக இருத்தல். உணர்ச்சி குன்றிய பாதத்தில் எலும்புகள் நொறுங்கிப் பாதம் உருக்குலைவதன் தொடக்கமாக இது இருக்கக்கூடும். புறங்கையால் இரு பாதங்களையும் தொட்டு ஒப்பிட்டுப் பாருங்கள். ஒன்று மட்டும் சூடாக இருந்தால், அந்தக் காலை ஊன்றி நடக்காமல் மருத்துவமனைக்கு அழைத்து வாருங்கள். வலி இல்லை என்பதை நலம் என்று கொள்ளாதீர்கள்.

அடிபட்டபின் கால் ஊன்ற முடியாமை, பாதம் நீலம்பாய்ந்து அல்லது வெளிறிக் குளிர்ந்து போதல், கெண்டைக்கால் முழுவதும் வீங்கி வலித்தல் ஆகியவையும் அவசர நிலைகளே.

காலணி ஒரு மருந்து

பாத மூட்டுவாதம் எவ்வகையாயினும், நாள்தோறும் மூட்டுக்கு நிவாரணம் தருவது பொருத்தமான காலணி. நம் வீடுகளில் பலவற்றில் இன்று தரை பளிங்கோ, கிரானைட்டோ, டைல்ஸோதான். அதன்மேல் நாள் முழுவதும் வெறுங்காலுடன் நின்று சமைப்பதும் துவைப்பதும் வலிக்கும் மூட்டுக்குப் பெரும் சுமை. வீட்டுக்குள் செருப்பு அணியக் கூடாது என்ற வழக்கத்தை மதித்தபடியே இதற்குத் தீர்வு காணலாம். வெளியே அணியாத, வீட்டுக்குள் மட்டும் பயன்படுத்தும் மெத்தென்ற செருப்பு ஒன்றைத் தனியே வைத்துக்கொள்ளுங்கள்.

கட்டைவிரல் வார் மட்டும் உள்ள மெல்லிய ரப்பர் செருப்பில், அது கழன்றுவிடாதிருக்க விரல்கள் ஒவ்வோர் அடியிலும் பற்றிப் பிடிக்க வேண்டியிருக்கிறது. பாதத்தின் பின்புறம் வார் உள்ள காலணியே நல்லது. வாங்கும்போது கவனிக்க வேண்டியவை:

மாலையில் வாங்குங்கள், பாதம் அப்போதுதான் சற்று வீங்கியிருக்கும். நின்றபடி அணிந்து பாருங்கள். நீண்ட விரலுக்கு முன்னால் ஒரு கைக்கட்டைவிரல் அகலம் இடம் இருக்க வேண்டும். முன்பகுதி அகலமாக இருக்கட்டும். குதி உயரம் ஓர் அங்குலத்துக்கு மேல் வேண்டா. காலணியைக் கையில் எடுத்து வளைத்துப் பாருங்கள். விரல் மடங்கும் இடத்தில் மட்டுமே வளைய வேண்டும், நடுவில் மடங்கக் கூடாது. பெருவிரல் மூட்டு தேய்ந்தவர்களுக்கு, அடிப்பாகம் விறைப்பாகவும் முன்முனை சற்று மேல்நோக்கி வளைந்தும் இருக்கும் காலணி பொருந்தும். முடக்குவாதமும் சர்க்கரை நோயும் உள்ளவர்களுக்கு எம்.சி.ஆர். செருப்பு ஏற்றது, பாதத்தின் அளவுக்கேற்பச் செய்து தரப்படும் அதனை மருத்துவரின் பரிந்துரையுடன் பெறுங்கள். பாதத்தில் தடித்துப்போன தோலை வீட்டில் பிளேடால் சீவ வேண்டா.

உடற்பயிற்சியும் எடையும்

மூட்டு வலித்தால் அசைக்காமல் வைத்திருக்க வேண்டும் என்பது பலரின் எண்ணம். சிவந்து சுடும் தாக்குதல் நாள்களில் மட்டுமே அது பொருந்தும். மற்ற நாள்களில் அசையாத மூட்டு மேலும் இறுகும், தசை மெலியும், மெலிந்த தசை மூட்டைத் தாங்காது.

நாற்காலியில் அமர்ந்து, பாதத்தை மேலும் கீழும் பத்து முறை அசையுங்கள்; பிறகு வட்டமாகச் சுழற்றுங்கள். தரையில் ஒரு துண்டை விரித்து, விரல்களால் அதைச் சுருட்டி இழுங்கள். சுவரில் இரு கைகளையும் ஊன்றி, ஒரு காலைப் பின்னால் நீட்டி, குதிகால் தரையில் பதிந்திருக்க, கெண்டைக்காலில் இழுப்பு உணரும்வரை முன்னோக்கிச் சாயுங்கள். முப்பது விநாடிகள் நின்று, மறுகாலுக்கும் செய்யுங்கள். நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு குதிகால்களை மெல்ல உயர்த்தி இறக்குங்கள். பயிற்சியால் வந்த கூடுதல் வலி இரண்டு மணி நேரத்துக்கு மேல் நீடித்தால், மறுநாள் அளவைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

நடக்கும்போது கணுக்கால் மூட்டு, உடல் எடையைப்போல் பல மடங்கு விசையைத் தாங்குகிறது. ஆகவே ஓரிரு கிலோ எடை குறைந்தாலும் ஒவ்வோர் அடியிலும் அதன் பயன் பன்மடங்காகத் தெரியும். நடை வலித்தால் நிலைமிதிவண்டியோ நீச்சலோ ஏற்றவை. கைத்தடி பயன்படுத்துவோர், வலிக்கும் காலுக்கு எதிர்ப்புறக் கையில் அதைப் பிடிக்க வேண்டும்.

மருந்துகளில் கவனம்

டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் போன்ற வலி மாத்திரைகள் குறுகிய காலத்துக்குப் பயன் தருபவை. மாதக்கணக்கில் தாமாகவே உட்கொண்டால் இரைப்பைப் புண், ரத்தக்கசிவு, சிறுநீரகச் சேதம், இதய பாதிப்பு ஆகியவை ஏற்படக்கூடும். ரத்த அழுத்தம், சர்க்கரை, சிறுநீரக நோய், இதய நோய் உள்ளவர்களும் முதியவர்களும் மருத்துவரைக் கேட்காமல் இவற்றைத் தொடவே கூடாது. மேலே தடவும் டைக்ளோஃபெனாக் களிம்பு, கணுக்கால் போன்ற தோலுக்கு அருகிலுள்ள மூட்டுகளில் ஓரளவு பயன் தரும். உடலுக்குள் செல்லும் அளவும் குறைவு.

மெத்தோட்ரெக்சேட் மாத்திரையை முடக்குவாதத்துக்கு வாரத்தில் ஒருநாள் மட்டுமே உட்கொள்ள வேண்டும். தவறுதலாக நாள்தோறும் உட்கொண்டால் உயிருக்கே ஆபத்து. எந்தக் கிழமை என்பதைச் சீட்டிலும் நாட்காட்டியிலும் பெரிதாக எழுதி வையுங்கள். கருத்தரிக்கத் திட்டமிடுவோர் முன்கூட்டியே மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும்.

உள்ளடக்கம் எழுதப்படாத பொடியோ மாத்திரையோ உட்கொண்டு ஓரிரு நாள்களில் வலி மாயமாய் மறைந்தால், மகிழ்வதற்குமுன் சற்று ஐயுறுங்கள். இத்தகைய சிலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருப்பது பரிசோதனைகளில் கண்டறியப்பட்டுள்ளது. தொடர்ந்து உட்கொண்டால் எலும்பு மெலியும், சர்க்கரை ஏறும். நெடுநாள் உட்கொண்டபின் திடீரென நிறுத்துவதும் ஆபத்தே. எதையும் மறைக்காமல் மருத்துவரிடம் கூறுங்கள். அவர் உங்களைக் கடிந்துகொள்வதற்காகக் கேட்கவில்லை, பாதுகாப்பாக நிறுத்துவதற்காகக் கேட்கிறார்.

அறுவை சிகிச்சை எப்போது?

காலணி, பயிற்சி, கணுக்கால் தாங்கி, மருந்து, தேவைப்பட்டால் மூட்டு ஊசி ஆகிய அனைத்துக்கும் பின்னரும் வலி அன்றாட வாழ்வை முடக்கினால் அறுவை சிகிச்சை பற்றிப் பேசலாம். தேய்ந்த கணுக்கால் எலும்புகளை ஒன்றாக இணைத்துவிடும் முறை நீண்டகாலமாக நடைமுறையில் உள்ளது. மூட்டின் அசைவு போகும். வலியும் பெரும்பாலும் போகும். சமதரையில் நன்றாக நடக்கலாம். ஆயினும் குந்தி அமர்வது கடினம். அண்டை மூட்டுகள் கூடுதல் சுமையை ஏற்பதால், பல ஆண்டுகள் கழித்து அவை தேயவும் கூடும். செயற்கைக் கணுக்கால் மூட்டு பொருத்தும் முறை அசைவைக் காக்கிறது. எனினும் அது எல்லோருக்கும் ஏற்றதன்று. அறுவைக்கு முன் புகைப்பழக்கத்தை விடுவதும் சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவருவதும் எலும்பு கூடுவதற்குப் பெரிதும் உதவும். பல வாரங்கள் காலை ஊன்றாமல் இருக்க நேரிடும் என்பதால், வீட்டில் துணையிருப்பவர் யார் என்பதையும் முன்னரே முடிவு செய்யுங்கள்.

குடும்பத்தினருக்கு

பாத வலி வெளியே தெரிவதில்லை. காலையில் எழுந்து ஒரு மணி நேரம் அசைய முடியாத ஒருவர், பகலில் நடமாடுவதைப் பார்த்து "வேலை செய்ய மனமில்லை" என்று சொல்லிவிடுகிறோம். காலை இறுக்கம் நோயின் இயல்பு, சோம்பலன்று. அந்த ஒரு மணி நேர வேலையை வேறொருவர் ஏற்றுக்கொள்வதே சிறந்த உதவி.

கழிப்பறையில் உட்கார்ந்து எழும் இருக்கையும் சுவரில் கைப்பிடியும் அமையுங்கள். காய் நறுக்க உயரமான முக்காலி ஒன்றை அடுக்களையில் வையுங்கள். படுக்கையிலிருந்து கழிப்பறை வரை இரவு விளக்கு இருக்கட்டும். வெந்நீர் ஒத்தடம் தரும்போது, குறிப்பாகச் சர்க்கரை நோயாளிக்கு, நீரின் சூட்டை நீங்கள் உங்கள் முழங்கையால் சோதித்துப் பாருங்கள். உணர்ச்சி குன்றிய பாதம் வெந்துபோனாலும் அவருக்குத் தெரியாது. சிவந்து சுடும் மூட்டுக்கு வெந்நீரும் அழுத்தி நீவுதலும் வேண்டா. துணியில் சுற்றிய பனிக்கட்டியைச் சில நிமிடங்கள் வைக்கலாம். உணர்ச்சி குன்றிய பாதத்துக்குப் பனிக்கட்டியும் கூடாது.

மருத்துவரைக் காண வரும்போது

வீக்கம் வந்த நாளிலேயே கைப்பேசியில் அதைப் படமெடுத்து வையுங்கள். முன்பதிவு நாளில் அது வற்றியிருக்கக்கூடும். பழைய எக்ஸ்ரே படங்கள், ரத்தப் பரிசோதனை முடிவுகள், நீங்கள் உட்கொள்ளும் அனைத்து மருந்துகள், சித்த, ஆயுர்வேத மருந்துகள் உட்பட, ஆகியவற்றைக் கொண்டு வாருங்கள். புதிய எக்ஸ்ரே நின்ற நிலையில் எடுக்கப்பட்டால் வியப்படைய வேண்டா. எடையைத் தாங்கும்போதுதான் மூட்டு இடைவெளியின் உண்மை நிலை தெரியும்.

நாள்தோறும் அணிந்து தேய்ந்த செருப்பையும் அணிந்தே வாருங்கள். அதன் அடிப்பாகம் எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது என்பது, உங்கள் பாதம் எவ்வாறு ஊன்றுகிறது என்பதை மருத்துவருக்குக் காட்டும். எந்த மூட்டு, எந்த நேரம், எப்படித் தொடங்கியது என்ற மூன்று விடைகளையும் ஒரு தாளில் எழுதிக் கொண்டுவந்தால், முதல் நாளிலேயே சரியான சிகிச்சையைத் தொடங்குவது எளிதாகும்.